ஆளுங்கட்சி தோற்ற காலையில் நான் எழுதிய போஸ்டர்

வெளிநாட்டுச் செய்தி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

திங்கட்கிழமை முதல் நான் ஓட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பரீட்சை எழுதிக் கிடைத்த வேலை. முப்பத்தொரு வயதிலேயே ரிட்டயர் ஆகிப் போகிறான் என்று நம் அலுவலகத்தில் இரண்டு நாளாகக் கிண்டல். ஆறு வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறவன் அடுத்து உட்காரப் போகிறவர்களுக்கு ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போ என்று செய்தி ஆசிரியர் சொன்னார்.

எந்தச் செய்தி எத்தனை மணிக்கு வரும், எதை எவ்வளவு சுருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன். அந்தத் தப்பை நம் ஊர்ப்பக்கத்துக்காரன்தான் செய்ய முடியும் என்பதால் நீங்களும் செய்வதற்கு வாய்ப்பு அதிகம்.

நம்முடையது மாலைப் பத்திரிகை. காலை பத்தரைக்குப் பக்கம் முடிந்து, ஒரு மணிக்குக் கட்டுகள் பேருந்து நிலையத்தில் இறங்கியாக வேண்டும். கட்டோடு ஒரு போஸ்டரும் போகும். டீக்கடை வாசலில் தொங்குமே, அதுதான். ஐந்தாறு வார்த்தை, பெரிய எழுத்து. பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். போஸ்டரைப் படித்துவிட்டுப் பஸ் ஏறுகிறவர்கள்தான் ஊர் முழுக்க. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்தும் செய்தேன்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் முந்தைய நாள் இடைத்தேர்தல் நடந்திருந்தது. அங்கே ராத்திரியோடு ராத்திரியாக எண்ணிவிடுவார்கள். முடிவு வரும்போது நமக்குக் காலை எட்டரை மணி. பல காலமாக ஆளுங்கட்சியின் கையில் இருந்த தொகுதி அது. போய்விட்டது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து குடியேறுவதை எதிர்த்துப் பேசும் புதிய கட்சி ஒன்று ஜெயித்திருந்தது. ஆளுங்கட்சிக்கு மூன்றாவது இடம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் எனக்குத் தெரிந்த இடைத்தேர்தல் வேறு. நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் தொகுதியில் ஒன்று வந்தது. அதுவரை லாரி கூட நுழையத் தயங்கிய எங்கள் தெருவுக்கு வரிசையாக வெள்ளைக் கார்கள் வந்தன. வருடக்கணக்காக மனுக் கொடுத்தும் வராத தார்ச்சாலை பதினைந்து நாளில் வந்தது. தீப்பெட்டி ஆபீசில் கட்டு அடுக்கிக்கொண்டிருந்த என் அம்மாவிடம் ஓர் அமைச்சர் கும்பிடு போட்டு, பெயர் கேட்டார். நம் ஊரில் இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சி ஜெயிக்கும். எத்தனை ஓட்டில் என்பதுதான் கேள்வி. அப்படி ஜெயிக்க வேண்டிய தேர்தலில் ஓர் ஆளுங்கட்சி தோற்றால், அதுவும் மூன்றாவதாக வந்தால், அதன் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்?

இதே கணக்கை இங்கிலாந்துக்குப் போட்டேன். செய்தியை அரைமணி நேரத்தில் எழுதி முடித்தேன். நான்காவது பத்தியில், ‘எனினும் ஆட்சிக்கு உடனடி ஆபத்து இல்லை எனச் சிலர் கருதுகின்றனர்’ என்று ஒரு வரியும் போட்டேன். அந்த ஒரு வரி என் மனச்சாட்சிக்கு.

பத்திரிகைப் பக்கம் போடும் அக்காவை உங்களுக்குத் தெரியும். அவர் கணினியில் என் செய்தியை இறக்கிக்கொண்டே கேட்டார்: “ஏன்டே, இதுல தோத்ததுனால அவியளுக்கு எத்தனை சீட்டு குறையுது?”

“ஒண்ணுக்கா.”

“மிச்சம் எத்தனை இருக்கு?”

“அது நெறைய இருக்கு.”

“பெறகு எதுக்குடே ஆட்சிக்கு ஆட்டம், பாட்டம்னு தலைப்பு எழுதியிருக்க?”

“அக்கா, உங்களுக்கு அரசியல் புரியாது. நீங்க பக்கத்த முடிங்க, மணி பத்தாச்சு.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அன்று காலை அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அக்காவுடையது.

செய்தி ஆசிரியர் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அன்றைக்கு உள்ளூரில் பெரிய செய்தி ஏதும் இல்லை. “வெளிநாட்டுல பிள்ளைய இருக்கிற வீடு நம்ம பக்கம் அம்புட்டு இருக்கு. அவியளுக்கு ஒறைக்கிற மாதிரி போஸ்டருக்கு நாலு வார்த்த குடு” என்றார். கொடுத்தேன்.

லண்டன் ஆட்சி ஆட்டம்! விசாவுக்கு ஆபத்து!

அந்த ஊருக்கும் லண்டனுக்கும் நாலு மணி நேரப் பயணம். அதையும் நான் பொருட்படுத்தவில்லை. நமக்கு அந்த நாடு மொத்தமும் லண்டன்தானே.

மத்தியானம் இரண்டேகாலுக்கு ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு தோளில் உளுந்து விதைப் பை. மறு கையில் நம்முடைய போஸ்டர், நான்காக மடித்தது. புதூர்ப் பக்கத்து ஆள். மழை விழுந்துவிட்டதால் விதை வாங்க வந்தவர், பேருந்து நிலையத்தில் போஸ்டரைப் பார்த்து, கடைக்காரரிடம் கேட்டு அதைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார். பெயர் சுப்புராஜ் என்று பிறகு தெரிந்தது.

“இத எழுதுன ஆளு யாரு?”

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான்தான் ஐயா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சின்னப் பிள்ளையா இருக்க. சரி, சொல்லு. எம்மவ அங்கனதான் இருக்கா. வயசானவியளப் பாத்துக்கிடுத வேலை. நாலு வருசமாச்சு. விசாவ நீட்டிக்கணுமா வேண்டாமான்னு கம்பெனில கேட்டிருக்கான். இன்னைக்கு அவியளுக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள சொல்லணுமாம். நமக்கு நாலரை. இத வாசிச்ச ஒடனே போனப் போட்டு, வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருன்னு சொல்லிட்டேன். அவ மாப்பிள்ளையும் அதத்தான் சொல்லுதாரு. அவ அழுதா. அதான் கேக்க வந்தேன். நான் சொன்னது சரிதான?”

“ஐயா, உள்ள செய்தில ஆட்சிக்கு ஒடனே ஆபத்து இல்லன்னு எழுதியிருக்கேன்.”

“உள்ள உள்ள பொடி எழுத்த நான் எங்க வாசிக்க? இது பெரிசா இருந்துச்சு, எழுத்துக்கூட்டி வாசிச்சேன்” என்றார். பிறகு கொஞ்சம் குரல் ஏறியது. “உள்ள ஒண்ணு எழுதி, வெளிய ஒண்ணு தொங்கவிட்டா நாங்க எதத் தம்பி நம்ப?”

என் அப்பாவும் இப்படித்தான் வாசிப்பார், விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சில் வந்தால் அது நடந்திருக்கும் என்று நம்புகிற வீடு அது. அந்த நம்பிக்கையில் வளர்ந்துதான் இந்த வேலைக்கே வந்தேன். நான்காவது பத்தியில் உண்மையை வைத்துவிட்டு, அதை வாசிக்க முடியாதவர்களுக்கு வெளியே பயத்தை வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் தப்பித்துக்கொள்ள எனக்கு இரண்டு வழி இருந்தது. ‘அது அவங்க சொந்த முடிவு, நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது’ என்று அனுப்பிவிடலாம். அல்லது ‘பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது’ என்று தைரியம் சொல்லி அனுப்பிவிடலாம். இரண்டாவது சொல்லத்தான் நாக்கு வந்தது. ஆனால் அதுவும் காலையில் செய்த அதே வேலைதான். தெரியாமல் பயம் காட்டியவன் தெரியாமல் தைரியம் சொல்வது.

“ஐயா, போஸ்டர்ல நான் போட்டது தப்பு. ஆனா எது சரின்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியல. ஒரு மணி நேரம் குடுங்க” என்றேன்.

அவர் போன் செய்தார். மகள் எடுத்து, “எப்பா, டூட்டில இருக்கேன். பதினோரு மணிக்கு டீ குடிக்க விடுவாக. அப்ப கூப்பிடுதேன்” என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தார். நமக்கு அது மூன்றரை.

சுப்புராஜ் ஐயா விதைப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அக்காவிடம் போனேன். “அக்கா, காலைல கேட்டீங்கல்லா, அத மறுபடி கேளுங்க.”

“புரியாதவ கேட்டா உனக்குப் பதில் வருமா?” என்றார். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கேட்டார், நான் தேடினேன்.

ஒரு சீட்டு போனால் பெரும்பான்மை போகுமா? போகாது. அடுத்த பொதுத்தேர்தல் எப்போது? இன்னும் வருடங்கள் இருக்கின்றன. அந்த நாட்டில் ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் தோற்பது புதிதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. புதிதே இல்லை. பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி அடி வாங்குவது அங்கே வழக்கமான சங்கதி. அங்கே மந்திரிகள் கூடாரம் அடித்துத் தொகுதியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆட்சி மாறாது என்று தெரிந்திருப்பதால் ஜனங்கள் தைரியமாகக் கோபத்தைக் காட்டுவார்கள். அப்படி அடி வாங்கிய கட்சிகள் சில சுதாரித்து, அடுத்த பொதுத்தேர்தலில் ஜெயித்தும் இருக்கின்றன. சிலவற்றுக்கு அதுவே சரிவின் தொடக்கமாகவும் இருந்திருக்கிறது.

“அப்ப இது எந்த ரகம்?” என்று அக்கா கேட்டார்.

“தெரியலக்கா.”

“போன தடவை இவியளுக்குப் போட்டவுக இந்தத் தடவை எங்க போனாவ? எதிராளிக்குப் போனாவளா, வீட்டுலயே இருந்துக்கிட்டாவளா?”

பாருங்கள், அரசியல் புரியாதவர் கேட்கிற கேள்வி. பார்த்தோம். ஓட்டுப் போட வந்தவர்களே பொதுத்தேர்தலைவிடக் குறைவு. பழைய ஓட்டில் ஒரு பகுதி வீட்டிலேயே இருந்துவிட்டது போலிருந்தது. ஒரு பகுதி புதிய கட்சிக்கும், இன்னொரு பகுதி ஆளுங்கட்சி போதாது என்று சொல்லும் வேறொரு சிறிய கட்சிக்கும் போயிருக்க வேண்டும். எதிரெதிர்த் திசையில் இரண்டு கோபங்கள். ஆனால் திரும்பி வருகிற கோபமா, வராத கோபமா என்று எந்தக் கட்டுரையிலும் இல்லை.

மூன்றரைக்கு போன் வந்தது. சுப்புராஜ் ஐயா ஸ்பீக்கரில் போட்டார்.

“தாயி, இங்கன பேப்பர் ஆபீசுல இருக்கேன். போஸ்டர் எழுதுன தம்பிட்ட பேசு.”

“எந்த போஸ்டருப்பா?”

“உன்னய அழ வச்சேன்ல, அந்த போஸ்டரு.”

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். பேச்சைத் தொடங்குவதற்காகத்தான் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரைக் கேட்டதும் அக்கா என் தோளைப் பிடித்தார். அதே ஊர். இடைத்தேர்தல் நடந்த அதே தொகுதி.

“நேத்து அங்கதானம்மா தேர்தல்!”

“ஆமாண்ணே. நானும் ஓட்டுப் போட்டேன்.”

“நீங்க எப்படிப் போட முடியும்? இந்தியப் பாஸ்போர்ட்தான?”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “என்னண்ணே, பேப்பர்ல இருந்துக்கிட்டு இது தெரியாதா? காமன்வெல்த்து நாட்டு ஆளுக இங்கன குடியிருந்தா, பேரப் பதிஞ்சுட்டு ஓட்டுப் போடலாம். நம்ம பாஸ்போர்ட்டக் காட்டித்தான் போட்டேன். போன பொதுத்தேர்தல்லயும் போட்டேன்.”

ஐந்து வருடமாக அந்த நாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அது தெரியாது. நம் புதூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் பெட்டியில் போட்ட சீட்டை, நான் கோவில்பட்டியில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறேன்.

“யாருக்குப் போட்டீங்கன்னு கேக்கலாமா?”

“கேக்கக்கூடாது. ஆனாலும் சொல்லுதேன்” என்றார். “ஆளுங்கட்சிக்குப் போடல. போன தடவை அவியளுக்குத்தான் போட்டேன்.”

“அடிப்பாவி” என்றார் சுப்புராஜ் ஐயா. “ஆளுங்கட்சிய நீயா தோக்கடிச்ச?”

“சும்மா இருப்பா. நிரந்தரமா இருக்கதுக்குக் காத்திருக்கிற வருசத்தக் கூட்டப் போறோம்னு அவிய பேசுதாக. அது கூடுனா நான் பிள்ளையக் கூட்டியார வருசமும் தள்ளிப்போகும்ல. அதுக்காக, எங்களுக்காகப் பேசுத அந்தச் சின்னக் கட்சிக்குப் போட்டேன். தலையில ஒரு கொட்டு வைக்கணும்னு தோணிச்சு.”

“அப்ப இந்த ஆட்சி போகணும்னு நெனைக்கீங்களா?”

“ஐயையோ, போகக் கூடாதுண்ணே! போனா வாரவன் இவன விட மோசமா இருப்பான். காது கேக்கணும்னுதான் கொட்டுனேன். கழுத்தறுக்க இல்ல. நான் பாத்துக்கிடுத தாத்தா இருக்காரு, ஆயுசு பூரா இந்தக் கட்சிதான். நேத்து அவர வண்டில வச்சுத் தள்ளிட்டுப் போனதே நான்தான். அவரும் மாத்திப் போட்டுட்டேன்னாரு. பெரிய தேர்தல்ல திரும்பிருவேன்னும் சொல்லுதாரு. அடுத்த வீட்டுக்காரரு திரும்பவே மாட்டேங்காரு. ரெண்டும் இருக்கு.”

எந்தக் கட்டுரையிலும் கிடைக்காதது ஒரு டீ இடைவேளையில் கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் கேட்டதற்கு நான் தயாராக இல்லை.

“அண்ணே, நீங்க படிச்சு எழுதுதவுக. நீங்களே சொல்லுங்க. எம்மவளுக்கு அஞ்சு வயசாச்சு. என்ன போன்லதான் தெரியும். இருக்கட்டுமா, வரட்டுமா?”

சுப்புராஜ் ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக, எனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னேன். “நேத்து வந்த முடிவால இன்னைக்கு எந்தச் சட்டமும் மாறலம்மா. இருக்கிற ஆட்சி விழாது. ஆனா பயந்துபோன ஆட்சி ரெண்டு பக்கமும் திரும்பலாம். உங்கள மாதிரி ஆளுகளத் திரும்பக் கொண்டுவரணும்னு வருசத்தக் கூட்டாம விடலாம். இல்ல, அந்தப் புதுக் கட்சி ஓட்டப் பிடிக்கணும்னு இன்னும் கடுமையாக்கலாம். எது நடக்கும்னு எனக்குத் தெரியாது. ஆட்சி கவிழப் போகுது, விசா போகப் போகுதுன்னு நான் எழுதுனது தப்பு. அதுக்காக மட்டும் நீங்க வர வேண்டியதில்ல. மத்தத நீங்கதான் முடிவெடுக்கணும்.”

தூரத்தில் யாரோ அவரை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். “வாரேன்” என்று அவர்களுக்கும் தமிழிலேயே சொல்லிவிட்டு, எங்களிடம் சொன்னார்:

“கொட்டு வச்சவ, அவன் திரும்பிப் பாக்குதானா இல்லையான்னு தெரியாம ஓடி வந்துரக் கூடாதுல்லா? எப்பா, நான் இருக்கேன். நீட்டிக்கச் சொல்லி எழுதிக் குடுத்துருதேன். பிள்ளையோட அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ போய் வெதையப் போடு.”

சுப்புராஜ் ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி தாயி” என்று மட்டும் சொன்னார். நாலு மணிக்கு அவர் போனில் ஒரு செய்தி வந்தது. அக்காதான் வாசித்துச் சொன்னார். அனுப்பிவிட்டேன் என்று ஒரே சொல்.

அவர் இருக்கும்போதே நான் செய்தி ஆசிரியரிடம் போனேன். நாளைக்குத் திருத்தம் போட வேண்டும், அதுவும் போஸ்டரில் என்றேன்.

“திருத்தத்துக்குப் போஸ்டரா? எவன்டே வாங்குவான்?” என்றார்.

“அண்ணாச்சி, தப்பு போஸ்டர்லதான இருந்துச்சு. உள்ள போட்டா இவரு மாதிரி ஆளுக எப்படி வாசிப்பாவ?”

அண்ணாச்சி சுப்புராஜ் ஐயாவை ஒருமுறை பார்த்தார். காலையில் அந்த வார்த்தைகளைக் கேட்டு வாங்கியவர் அவர்தான். அதை அவரும் மறக்கவில்லை. “எழுதிக் குடு” என்றார். மறுநாள் போஸ்டர்: ‘லண்டன் ஆட்சி கவிழாது. நேற்று சொன்னது தவறு.’ நம் பத்திரிகையில் அப்படி ஒரு போஸ்டர் அதற்கு முன் வந்ததில்லை. அந்தப் பெண்ணின் பெயரையோ ஊரையோ போடவில்லை. இடைத்தேர்தலில் ஓட்டை மாற்றிப் போட்டவர்கள் எல்லாரும் ஆட்சியைக் கவிழ்க்க நினைத்தவர்கள் அல்ல என்று மட்டும் எழுதினேன். அந்த ஆளுங்கட்சிக்கு நேரம் இருக்கிறது, ஆனால் எல்லா ஓட்டும் தானாகத் திரும்பாது என்றும் எழுதினேன்.

அடுத்து எந்த நாட்டு இடைத்தேர்தல் முடிவு உங்கள் மேசைக்கு வந்தாலும், ஜெயித்தது யார் என்பதோடு நிறுத்தாதீர்கள். போன தடவை போட்டவர் ஏன் இந்தத் தடவை போடவில்லை, அவர் எதைக் கேட்கிறார், திரும்பி வர மனம் இருக்கிறதா என்று தேடுங்கள். நம் ஊர் அனுபவத்தை அந்த ஊருக்கு உடுத்திப் பார்க்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகுங்கள். முதல் தலைமுறையாகப் படித்து வந்த நமக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும்.

அன்று சாயங்காலம் சுப்புராஜ் ஐயா விதைப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

“தம்பி, அங்கன பெரிய தேர்தல் எப்ப?”

“இன்னும் வருசம் இருக்கு ஐயா.”

“அப்பவும் எம்மவ ஓட்டுப் போடலாம்லா?”

“போடலாம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார். “அப்ப, எழுதுததுக்கு முன்னால அவட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடு.”